கியர் சைக்கிள் கேள்விகள்: பட்டறை அக்கா பதில்கள்

பள்ளிக்கூடம் திறந்தாலே வருகிற கடிதங்களில் பாதி கியர் சைக்கிளைப் பற்றித்தான் இருக்கும். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, மவுண்டன் பைக் என்ற பெயரில் கடைகளில் நிற்கும் தடித்த டயர் சைக்கிளுக்கு மட்டும் இந்தத் தடவை பதில் சொல்கிறேன். கடலூர் புதுப்பாளையத்தில் அப்பாவுக்குப் பிறகு சைக்கிள் பட்டறையை நான் நடத்துகிறேன். ரிப்பேர் மட்டும்தான், புது சைக்கிள் விற்பதில்லை. ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும் எனக்குக் கமிஷன் கிடையாது.

என் மகன் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறான். முன்னும் பின்னும் ஷாக், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர் இருக்கிற சைக்கிள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் எல்லாமே இருக்கிற ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

வாங்க வேண்டாம். அந்த விலைக்கு அத்தனையும் தருகிறார்கள் என்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்திருப்பார்கள்.

முதலில் பின் ஷாக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். விலை கூடின சைக்கிளில் அதற்குள் காற்றும் எண்ணெயும் வேலை செய்யும். இந்த விலையில் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். பையன் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் சைக்கிள் குதிக்கும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்தக் குதிப்பிலேயே போய்விடும். எடையும் கூடும். அப்புறம், ஃபிரேம் மடங்குகிற இடத்தில் ஒரு புஷ் இருக்கிறது. அது தேய்ந்தால் பின் சக்கரம் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். அந்த அளவுக்கு மாற்றுப் புஷ் தேடி அலைந்து, கடைசியில் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

முன் ஷாக் இருந்தால் இருக்கட்டும். கடையிலேயே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் வேறு காட்டச் சொல்லுங்கள். முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் ஷாக்கே இல்லாமல் கிடைத்தால் இன்னும் நல்லது என்பேன். தடித்த டயரே பாதிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும்.

டிஸ்க் பிரேக் விஷயத்தில் பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழையில் ரிம் நனைந்தாலும் டிஸ்க் பிடிக்கும். ஆனால் பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பக்கத்து சைக்கிளின் பெடல் இவன் டிஸ்க் தட்டில் அழுத்தி லேசாக வளைத்தாலும் போதும், வீடு வரைக்கும் சரக் சரக்கென்று உரசிக்கொண்டே வரும். உங்கள் பணத்துக்கு நான் சொல்வது, ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிக்கிற வி பிரேக். பிரேக் கட்டை எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், ஒரு எல் கீ இருந்தால் பையனே மாற்றிக்கொள்வான். ஒரே நிபந்தனை, ரிம் அலாய், அதாவது அலுமினிய ரிம்மாக இருக்க வேண்டும். முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கும். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிம்மில் ஒட்டினால் இரும்பு. ஃபிரேம், பெடல் மாட்டுகிற கிராங்க், சீட் பைப் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். அலாய் என்று கடைக்காரர் சொன்ன இடத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டால் அவர் முகத்தைக் கவனியுங்கள்.

21 கியர் என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, அவ்வளவுதான். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வரைக்கும் தரை சமம். முன்னால் நடுச்சக்கரத்திலேயே வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதை மட்டும் மாற்றினாலே காலம் ஓடிவிடும். எத்தனை கியர் என்று எண்ணாமல், கியரை மாற்றுகிற சாமான் யாருடையது என்று கேளுங்கள். ஷிமானோவில் டூர்னி என்பது அடிமட்ட வரிசை, இருந்தாலும் உதிரி சுலபமாகக் கிடைக்கும். 1921-ல் ஜப்பானில் தொடங்கிய அந்தக் கம்பெனி முதலில் செய்ததே பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீல்தான். பேரே போடாத கியர் வந்தால் ஒரு வருஷத்தில் என்னைப் போன்றவர்களைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையையே சொல்கிற கடையில் பில் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற விலையில்லா சைக்கிளை விற்றுவிடாதீர்கள். கேரியர், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் அதில்தான் இருக்கும். அரிசி மூட்டைக்கு கியர் சைக்கிள் உதவாது.

எனக்கு 34 வயது, உயரம் 5 அடி 1 அங்குலம். ஞாயிற்றுக்கிழமைகளில் குயிலாப்பாளையம், ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில் ஓட்ட ஆசை. கடையில் 29 அங்குல சக்கரம்தான் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள் என்கிறார்கள். கல்லூரிக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை.
— வாசகி, லாஸ்பேட்டை

எல்லோரும் உங்கள் உயரமா? சக்கரத்தின் அளவும் ஃபிரேமின் அளவும் வேறு வேறு. கடையில் சக்கரத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள், நீங்கள்தான் ஃபிரேம் அளவைக் கேட்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு 14 அல்லது 15 அங்குல ஃபிரேம், 26 அல்லது 27.5 அங்குல சக்கரம் சரியாக இருக்கும்.

அதையும் அட்டையைப் பார்த்து நம்ப வேண்டாம். வழக்கமாகப் போடுகிற செருப்போடு, சீட்டுக்கு முன்னால் நடுக்கம்பியின் இரு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். செம்மண் சரளையில் திடீரென்று காலை ஊன்ற வேண்டிய நேரத்தில்தான் அந்த இரண்டு அங்குலத்தின் அருமை தெரியும். அடுத்து சீட் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடல் மேல் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக வர வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கும். பல பெண்கள் தரை முழுக்க எட்ட வேண்டும் என்று சீட்டை அடியோடு இறக்கிவிட்டு, பிறகு முழங்கால் வலி என்று மருந்துக்கடைக்குப் போகிறார்கள். முதல் இரண்டு வாரம் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள், தைரியம் வந்ததும் ஏற்றிவிடுங்கள்.

காற்று அளவு டயரின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். தார் ரோட்டில் 45 பி.எஸ்.ஐ. வைத்தால் செம்மண்ணுக்கு 35 போதும், டயர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் டயரில் போட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். கல்லில் ஏறும்போது ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒற்றை ஓட்டை என்றால் சீமைக்கருவேல முள். அதற்கு பஞ்சர் ஒட்டினால் மட்டும் போதாது. டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி உடைந்து ரப்பருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், விரலில் சுருக்கென்று படும். அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் அடுத்த திருப்பத்திலேயே மறுபடி பஞ்சர்.

மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மட்கார்டு மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதுகில் செம்மண் கோடு விழும். வெள்ளைச் சுடிதாரில் அந்தக் கறை போகாது.

கடலூரில் மலையே இல்லையே, மவுண்டன் பைக் எதற்கு?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஜெயில் இருக்கிற கேப்பர் மலையை விட்டுவிட்டீர்களே! மலை என்று பேர்தான், மேடுதான் என்பது எனக்கும் தெரியும். அந்த மேட்டையும் கியர் இல்லாத சைக்கிளில் சாமான் ஏற்றிக்கொண்டு ஏறிப் பாருங்கள்.

இந்த சைக்கிளின் கதையே இறக்கத்தில்தான் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் டமல்பைஸ் என்ற மலைக்குப் பக்கத்தில், 1970-களில் சில இளைஞர்கள் உலகப் போருக்கு முந்திய தடித்த டயர் சைக்கிள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து மண் பாதையில் கீழே விட்டார்கள். 1976-ல் அதைப் போட்டியாகவே நடத்தினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பழைய பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும், மறுபடி கிரீஸ் அடைத்துத்தான் அடுத்த ஓட்டம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அதுவே பதக்க விளையாட்டு ஆனது. நமக்கு ஒலிம்பிக் வேண்டாம். தோண்டிப் போட்ட தெருவுக்கும் ஏரிக்கரைக்கும் தடித்த டயர் உதவுகிறது, அது போதாதா?

ஆன்லைனில் வாங்கிய சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்தது. நானும் தம்பியும் சேர்ந்து பூட்டினோம். இடது பெடல் எவ்வளவு திருகினாலும் கழன்று கழன்று வருகிறது. ஹேண்டிலும் ஒரு மாதிரி நிலையில்லாமல் ஆடுகிறது. கம்பெனிக்கு போன் செய்தால் பூட்டியது உங்கள் பொறுப்பு என்கிறார்கள்.
— வாசகர், கிருமாம்பாக்கம்

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், வலது கைப்பக்கம் திருப்பினால் கழலும். பெடலின் முனையில் ஆங்கிலத்தில் எல், ஆர் என்று சின்னதாகப் பொறித்திருக்கும். இடம் மாற்றிப் பலவந்தமாகத் திருகியிருந்தால் கிராங்க் அலாய், பெடல் முனை இரும்பு, அலாய்தான் தோற்கும். மரை வழித்துவிட்டால் இடது கிராங்க்கை மாற்றுவது தவிர வழியில்லை. பெடலை வெளியே எடுத்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரையின் வரிகள் முழுசாக இருந்தால் பிழைத்தீர்கள். கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்றை விரலாலேயே திருகி, அப்புறம் ஸ்பேனரைப் போடுங்கள்.

ஹேண்டில் ஆட்டத்துக்கு என் சந்தேகம், முன் ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்க்க மாட்டியிருக்கிறீர்கள். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் கண்டுபிடிப்பது சுலபம். சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது முன் சக்கரத்தின் டிஸ்க் இடது பக்கம் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் முன் சக்கரம் உங்கள் காலுக்குக் கிட்டே வந்துவிடும், திருப்பத்தில் செருப்பு நுனி டயரில் மாட்டும். ஹேண்டிலைக் கழற்றி ஃபோர்க்கை நேராக்கி, மறுபடி முறுக்குங்கள். சரியாக இறுகியதா என்று பார்க்க, முன் சக்கரத்தை இரண்டு முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்புங்கள். கையோடு திரும்பினால் இன்னும் இறுக்க வேண்டும்.

இவ்வளவும் பார்க்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்துப் பட்டறையில் கூலி கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். எங்கேயோ வாங்கிவிட்டு இங்கே கொண்டுவருகிறாயா என்று சிலர் முகத்தைத் திருப்புவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பல்லை உடைத்துக்கொள்வதை விட மேல்.

தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்து வீடு. வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை, செயினும் நட்டுகளும் துரு. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விடுகிறேன். போன வாரம் வாட்டர் சர்வீஸும் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?
— வாசகி, தேவனாம்பட்டினம்

அந்த இரண்டையும் நிறுத்துவதுதான் முதல் வேலை.

தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் ஊறின கடற்கரை மணல் செயினை அரைத்துத் தள்ளிவிடும். பைக் மெக்கானிக் கொடுக்கிற பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் ஏற்கெனவே கரியும் பொடியும் இருக்கிறது. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சுகிற தண்ணீர் ஹப்புக்குள்ளும் பெடல் ஆக்சிலுக்குள்ளும் புகுந்து கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். மேலே பளபள, உள்ளே பால்ரஸ் துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும்.

நம் ஊர் உப்புக்காற்றுக்கு நான் சொல்வது இதுதான். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீர் பிடித்து வையுங்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? துடைத்து வெயிலில் கொஞ்ச நேரம் காயவிடுங்கள். பிறகு செயினுக்கு மட்டும் எண்ணெய். செயின் ஆயில் என்றே கடையில் விற்கிறது, கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய், ஆனால் அது சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி விட வேண்டும். செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே ஒரு முழுச் சுற்றுக்கு விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மேலே இருக்கிற எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளே, வெளியே மினுமினுப்பது மணலுக்கு அழைப்பு. டிஸ்க் பிரேக் இருந்தால் அந்தத் தட்டில் ஒரு துளி கூடத் தெறிக்கக் கூடாது, பிரேக் பிடிக்காது, கத்தவும் செய்யும்.

ஏற்கெனவே ஏறின துருவுக்கு, செயினைக் கழற்றி மண்ணெண்ணெய் கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் டீசலில் ஊறப்போட்டு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் விட்டு மாட்டலாம். ஒவ்வொரு கணுவும் மடங்குகிறதா பாருங்கள், விறைத்து நிற்கிற கணு ஒன்று இருந்தாலும் கியர் நழுவும். நட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள். சீட் பைப்பை மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை வெளியே உருவி, கிரீஸ் தடவிச் சொருகுங்கள். உப்புக்காற்றில் அது ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டால் சுத்தியலாலும் வராது. அலாய் ஃபிரேம் என்றால் செந்துரு வராது, ஆனால் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி பூக்கும். அதுவும் உப்பின் வேலைதான்.

மாலையில் ஈர மணலில் அலையை ஒட்டி ஓட்டிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நீங்கள் அதைச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது சைக்கிள் சீட் வரை தண்ணீரில் நின்றது. அப்படியே மாடியில் போட்டுவிட்டேன். இப்போது மகள் கேட்கிறாள். மிதித்தால் கரகர சத்தம். தூக்கிப் போட்டுவிடலாமா?
— வாசகர், குண்டுஉப்பலவாடி

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு அந்த மாதிரி சைக்கிள்கள் எங்கள் பட்டறை வாசலில் வரிசை கட்டின. சேறு அப்பியதைப் பார்த்தே எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

சீட் பைப்பை உருவிவிட்டு சைக்கிளைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஃபிரேமுக்குள்ளிருந்து வண்டல் பொடி கொட்டும். இரும்பு ஃபிரேம் என்றால், கிராங்க் இருக்கிற கீழ் மூட்டை ஸ்பேனர் முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டாலோ பெயிண்ட் கொப்பளித்துப் பெயர்ந்தாலோ உள்ளே அரித்துவிட்டது, மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஃபிரேம் தேறினால் மற்றதெல்லாம் ஓவராயில் வேலை. இரண்டு ஹப், கீழ் மூட்டு, ஹேண்டில் கப் எல்லாவற்றையும் பிரித்து, டீசலில் கழுவி, பழைய பால்ரஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், பின் ஹப்புக்கு 1/4 அங்குலம், விலை சொற்பம். பால்ரஸில் மிச்சம் பிடிக்கிற மெக்கானிக்கிடம் போகாதீர்கள். ஆக்சிலில் திருகியிருக்கிற கோனை வெளிச்சத்தில் பிடித்து, பால்ரஸ் ஓடுகிற வளையத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் அந்தக் கோனையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பால்ரஸும் சில மாதத்தில் கரகரக்கும். கிரீஸ் அடைத்து மாட்டிய பிறகு ஆக்சிலை இரண்டு விரலால் உருட்டுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் கைப்பழக்கம் வேண்டும். டயர், டியூப், பிரேக் கம்பி, செயின் எல்லாம் புதிது. மொத்தச் செலவைக் கேட்டுவிட்டு, அது புது சைக்கிள் விலையில் பாதிக்கு மேல் போனால் விட்டுவிடுங்கள்.

ஐந்து வருஷம் ஓட்டிய கியர் சைக்கிளுக்குப் புது செயின் போட்டேன். அதற்கு முன்னால் நழுவாத செயின், புதுசு போட்ட பிறகுதான் மேட்டில் அழுத்தி மிதித்தால் டக்கென்று தாவுகிறது. செயின் டூப்ளிகேட்டா?
— வாசகர், பண்ருட்டி

செயின் மேல் பழி போடாதீர்கள். ஐந்து வருஷத்தில் பழைய செயின் நீண்டு, அந்த நீளத்துக்கு ஏற்ற மாதிரி ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும். புது செயின் சரியான அளவு, தேய்ந்த பல்லில் உட்காராமல் ஏறித் தாவுகிறது. ஃப்ரீவீலை மாற்றுங்கள். நீங்கள் அதிகமாக ஓட்டுகிற பல்சக்கரத்தில் மட்டும் தாவி, மற்றதில் தாவாமல் இருந்தால் நான் சொன்னது உறுதி.

இனிமேல் முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு அடி ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் விழ வேண்டும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் போகும் வரை விட்டால் ஃப்ரீவீலுக்கும் சேர்த்துச் செலவு.

எல்லாப் பல்லிலும் தாவினால் வேறு கதை. பின்னால் நின்று, கியரைத் தாங்குகிற கொக்கியைப் பாருங்கள். சைக்கிள் வலது பக்கம் விழுந்தால் அது உள்பக்கம் வளைந்துவிடும். அதோடு பெரிய பல்லுக்குப் போட்டால் கியர் போய் ஸ்போக்ஸில் மாட்டி, ஸ்போக்ஸ், கியர், கொக்கி மூன்றும் ஒரே நொடியில் போகும். படுக்கவைப்பதாக இருந்தால் இடது பக்கமாகப் படுக்கவையுங்கள்.

அக்கா, பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கலாமா? எங்க அப்பா கூடாது என்கிறார்.
— எட்டாம் வகுப்பு மாணவன், தவளக்குப்பம்

தம்பி, உன் சைக்கிள் வால்வு பைக் வால்வு மாதிரி தடிமனாக, உள்ளே ஊசியோடு இருந்தால் அடிக்கலாம். வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வு என்றால் பங்க் குழாய் பொருந்தாது. ஆனால் அப்பா பயப்படுவதிலும் காரணம் இருக்கிறது. பங்க் காற்று வேகமாக ஏறும், சைக்கிள் டியூபில் இடம் கொஞ்சம், கண் மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும். அங்கே இருக்கிற அண்ணனிடம் 40 மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. வீட்டுக்கு மீட்டர் வைத்த கைப்பம்பு ஒன்று கேட்டு வாங்கிக்கொள். வால்வு மூடியைத் தொலைத்துவிட்டு வராதே, மணல் போய் ஊசியில் உட்கார்ந்தால் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும்.